மேல் வரிசையில் ஒன்பது

பொங்கலன்று காலை டோக்கன் பலகையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது சாராளின் விரலில் ஈரம் பட்டது. ஒன்பதாம் நம்பர் மட்டும் நனைந்திருந்தது.

எட்டு காய்ந்திருந்தது. பத்தும் காய்ந்திருந்தது. நடுவில் ஒன்பதின் பித்தளை விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நின்றது. தை மாசப் பனி தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக இறங்குவது வழக்கம்தான். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் பித்தளை வியர்ப்பதும் உண்டு. முந்தானையால் துடைத்து அதே ஆணியில் மாட்டினாள். பிறகு அண்ணாந்து ஓட்டையைத் தேடினாள். அந்த இடத்தில் கூரையில் ஓட்டை இல்லை.

ஷெட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. மற்ற நாட்களில் இந்த நேரத்துக்கு மெட்ராஸ் ரயிலில் வந்த கூட்டம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சைக்கிளும் காலுமாக வந்து சேர்ந்து, கிரைண்டிங் சத்தமும் கேஸ் கட்டிங் வாடையும் வெல்டிங் வெளிச்சமுமாக ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. இன்று தூரத்தில் ஏதோ ஒரு வீட்டில் பால் பொங்கி யாரோ கத்தியதுகூட அவளுக்குக் கேட்டது. மூன்று நாளும் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே பண்டிகைக் காவலுக்கு யார் இருக்கிறீர்கள் என்று கேட்டபோது அவள்தான் கை தூக்கினாள். கணவன் இறந்து ஆறு வருஷம். பிள்ளை இல்லை. கிறிஸ்துமஸுக்கே யாரும் தேடி வராத வீட்டுக்குப் பொங்கலுக்கு எதற்குப் போக வேண்டும்.

ஷெட்டின் நடுவில் புள்ளத்தாச்சி படுத்திருந்தது.

கை அகலக் கனத்தில் செய்த பெரிய இரும்பு உருளை. ஒரு பக்கம் கதவு, கதவைச் சுற்றி நாற்பத்தெட்டு போல்ட்டு. அதன் வயிற்றுக்குள் இன்னொரு சின்ன உருளை. ஆள் நிமிர முடியாது, குனிந்து உட்காரலாம். சின்னதை மூடி, அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பி, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, மூன்று நாள் அப்படியே விட்டு, தாங்குகிறதா நசுங்குகிறதா என்று பார்ப்பார்கள். வயிற்றில் பிள்ளை கிடப்பது மாதிரி இருந்ததால் ஆட்கள் வைத்த பெயர் அது.

என்ன பிள்ளை என்று யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. காகிதத்தில் கொதிகலனுக்கான மாதிரி என்று இருந்தது. இரண்டாவது கேட்டுக்குள் வர தனி பாஸ் வேண்டும். சுவரில் 'குறைவாகப் பேசு, அதிகமாக உழை' என்று அவசரநிலைக்காலத் தட்டி. இருந்தாலும் எல்லோருக்கும் தெரியும். கடலுக்கு அடியில் முழுகியே போகிற கப்பல், அணு நெருப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு, ராக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு, மாசக் கணக்கில் மேலே வராமல் போகிற கப்பல். நம் நாடே சொந்தமாகச் செய்யப் போகிறது. அதன் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது முதல் சின்ன மாதிரி.

அவளுக்கு இதையெல்லாம் சொன்னது துளசிராமன்.

அவன்தான் ஒன்பதாம் நம்பர். சின்ன உருளைக்குள் தவழ்ந்து போய், உட்சுவரில் நகத்தளவு உலோகத்தாள்களைப் பசை வைத்து ஒட்டுவான். இரும்பு எவ்வளவு நெளிகிறது என்று அந்தத் தாள்கள் காட்டிக்கொடுக்கும். அந்தப் பசையின் வாடை, வாழைப்பழமும் ஸ்பிரிட்டும் கலந்தது போல, எப்போதும் அவன் சட்டையில் இருக்கும். அதிக நேரம் உள்ளே இருந்தால் தலை கிறுகிறுக்கும், தூக்கம் வரும் என்பான். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, திருப்பாச்சூரில் அம்மா. அவளை ரிஜிஸ்டர் என்று கூப்பிடுவான். டோக்கனைக் கொடுக்கும்போது விரல் படாமல் பார்த்துக்கொள்வான். அந்தக் கவனத்தைத்தான் அவள் ராத்திரிகளில் நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய வேலை சுலபம். பலகையில் இரண்டு வரிசை ஆணிகள். மேல் வரிசைக்கு 'உள்ளே', கீழ் வரிசைக்கு 'வெளியே' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியவள் அவளே. உருளைக்குள் போகிறவனின் டோக்கனை மேலே மாட்ட வேண்டும். அவன் வெளியே வந்ததும் கீழே இறக்க வேண்டும். மேல் வரிசை காலியானால்தான் கதவை மூடுவார்கள்.

"அந்தக் கப்பல்ல போறவன் ஆறு மாசம் மேல வரமாட்டான், ரிஜிஸ்டரு" என்றான் ஒரு நாள். "எந்தக் கடல்ல கீறான்னு ஊட்ல கூடத் தெரியாது."

"அப்ப உசுரோட கீறான்னு எப்டித் தெரியும்?"

"தட்டுவான்" என்றான்.

அன்றைக்கு உள்ளே போனதும் தட்டினான். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. அவள் வெளியிலிருந்து இரும்பில் டோக்கனால் அதே மாதிரி தட்டினாள். எட்டு மாசமாக அப்படி. இருவருக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். அதற்கு என்ன பெயர் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை, பெயர் வைத்தால் போய்விடும் என்று பயம்.

போகி அன்று மட்டும் அவன், சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்னால் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

அவள் ஐந்து மணி வரை காத்திருந்தாள். ஒவ்வொருவராகப் போனார்கள். மேல் வரிசையில் ஒன்பது மட்டும் தொங்கியது. சூப்பர்வைசர் அருணாச்சலம் ஊருக்கு ரயில் பிடிக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கிரைண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பின்னாலேயே போய், ஒன்பது எங்கே சார் என்று கத்தினாள். அவர் திரும்பாமல் சொன்னார். ஊட்லதான் இருக்கான்.

வீட்டுக்குப் போய்விட்டான். சொல்லாமல்.

அவள் திரும்பி வந்து டோக்கனைப் பிடுங்கிக் கீழ் ஆணியில் அறைந்தாள். பலகை ஆடியது. மூடுகிற ஆட்கள் வந்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், மேல் வரிசை காலி, மூடினார்கள். எல்லோருக்கும் அவசரம். தண்ணீர் ஏறும் சத்தம், பம்பின் சத்தம், வெளியே காலனிப் பிள்ளைகள் விடாமல் அடித்த போகி மேளம். அந்த மேளத்தின் நடுவில் இரண்டும் ஒன்றுமாக ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. அடிங்க, நல்லா அடிங்க என்று மனதுக்குள் பிள்ளைகளைத் திட்டிவிட்டு அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது பொங்கலன்று பத்து மணிக்கு, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து நாற்பது என்று எழுதி, பேனாவை மூடும்போது, தட்டியது.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

மெதுவாக, ஆழத்திலிருந்து, கிணற்றுக்குள் யாரோ குடத்தை இடித்த மாதிரி. அவள் பேனா மூடியைப் பிடித்தபடியே நின்றாள். கூரையில் ஒரு புறா நடந்தது. எங்கோ லாரி ஒன்று கியர் மாற்றியது. பிறகு மறுபடியும். இரண்டு, இடைவெளி, ஒன்று.

ஆபீஸ் ரூமுக்குப் போய் இன்ஜினியர் வீரராகவனின் மெட்ராஸ் வீட்டுக்கு போன் போட்டாள். கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் வாயில் பொங்கல் இருந்தது. அழுத்தத்தில் இரும்பு பேசும், அது நெளிகிற சத்தம், கேஜ் முள் இறங்கினால் மட்டும் கூப்பிடு என்றார். அழுத்தத்தை இறக்கும் சிவப்புச் சக்கரத்தைத் தொடக்கூடாது, தொட்டால் மூன்று நாள் வேலை போச்சு, டெல்லியிலிருந்து வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது, உன் வேலையும் இருக்காது என்றார்.

வேலை போனால் அவளுக்கு என்ன இருக்கிறது. இந்தப் பலகைதான் இருக்கிறது.

ஆனால் அவளை நிறுத்தியது அது இல்லை. அதை அவள் மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டாள். சக்கரத்தைத் திருப்பி, கதவைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்றால்? ஊரே சிரிக்கும். துளசிராமன் தட்டுகிற மாதிரி இருந்தது என்றுதானே சொல்ல வேண்டும். ஒரு விதவைக்கு ஒரு ஆம்பளை தட்டுகிற சத்தம் கேட்கிறது. அவன் வீட்டில் அம்மா கையால் கரும்பு தின்றுகொண்டிருக்கும்போது.

சாயங்காலம் வாட்ச்மேன் முனிகிருஷ்ணன் ராத்திரிக் காவலுக்கு வந்தார். சம்மட்டிப் பட்டறையில் இருபது வருஷம் நின்று காது போனவர். அவரிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் அவர் கையைப் பிடித்து இரும்பின் மேல் வைத்தாள். அவர் சற்று நேரம் கண்ணை மூடினார். பிறகு பல்லில்லாமல் சிரித்தார்.

"உள்ள புள்ள உதைக்குதும்மா" என்றார்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாட்டுப்பொங்கல். விடிந்ததும் அது அவளுக்காகக் காத்திருந்த மாதிரி தட்டியது. இரும்பு பேசும் என்று வீரராகவன் சார் சொல்லியிருக்கிறார். படித்தவர் சொன்னது. அப்படியானால் பேசினால் என்ன? ஒன்பதாம் நம்பரை ஆணியிலிருந்து எடுத்தாள். மறுபடியும் ஈரம். துடைக்கவில்லை. இரும்பில் தட்டினாள். இரண்டு, இடைவெளி, ஒன்று.

உடனே பதில் வந்தது.

அன்று முழுக்க அவள் தனியாக இல்லை. இதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவள் காதைப் பொத்திக்கொள்வாள், ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு இரும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டினாள், தட்டியது. ரிஜிஸ்டரின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் மணி போட்டு ஒரு கோடு இழுத்தாள். முதல் நாளின் கோடுகளையும் நினைவிலிருந்து சேர்த்தாள். பேசவும் பேசினாள். ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்டாள். என்ன விஷயம் பேச வேண்டும் என்றாய். நான் இல்லையென்றா சொல்லப் போகிறேன். ஆறு வருஷத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. வெயில் கூரை ஓட்டைகள் வழியாகக் காசு காசாகத் தரையில் விழுந்து, நகர்ந்து, புள்ளத்தாச்சியின் மேல் ஏறி அணைந்தது. வாழைப்பழமும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை எங்கிருந்தோ லேசாக வந்தது. அவள் அதை ஆழமாக இழுத்துக்கொண்டாள்.

காணும் பொங்கல் காலை ஒன்பதே காலுக்கு ஆபீஸ் ரூமில் போன் அடித்தது. டிரங்க் கால். திருநெல்வேலியிலிருந்து அருணாச்சலம்.

முள் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நாற்பது சார் என்றாள். நல்லது, நல்லது என்றார். பண்டிகையெல்லாம் எப்படி சார் என்று அவள் மரியாதைக்குக் கேட்டாள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியம்மா" என்றார்.

லைன் துண்டித்தது. அவள் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள்.

வீட்ல.

அருணாச்சலம் சார் திருநெல்வேலிக்காரர். வீட்ல என்பார். வீட்டுக்கு என்பார். இந்த ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஊடு என்ற சொல் வந்ததே இல்லை. அதைச் சொல்லி ஆட்களைக் கேலி செய்கிறவர். ஊடு என்பது இந்தப் பக்கத்துச் சொல். அவளுடைய சொல். அவள் காதின் சொல்.

அன்றைக்கு அவர் ஊட்ல என்று சொல்லவில்லை.

உள்ளதான் இருக்கான்.

உள்ள.

கோபத்தில் கேட்ட காது. சொல்லாமல் போய்விட்டான் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட காது. அவள் ஓடினாள். செருப்பு கழன்றது. சிவப்புச் சக்கரம். திரும்பவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் தொங்கினாள். திரும்பியது. தண்ணீர் குழாயில் சீறியது. முள் நாற்பதிலிருந்து நடுங்கி இறங்கியது. முப்பது. இருபது. இரும்பில் இரண்டு கையாலும் அறைந்தாள். துளசி, துளசி. அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உள்ளேயிருந்து தட்டியது. இரண்டு. இடைவெளி. ஒன்று. தெளிவாக. அவசரமே இல்லாமல்.

உயிரோடு இருக்கிறான்.

முனிகிருஷ்ணன் குவார்ட்டர்ஸுக்கு ஓடி ஃபிட்டர் பாக்கியராஜையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிவந்தார். நாற்பத்தெட்டு போல்ட்டு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அவள் இரும்பில் காது வைத்தாள். தட்டிக்கொண்டே இருந்தது. பாக்கியராஜ் ஸ்பானரை நிறுத்தி அவளைப் பார்த்தான். அவனுக்கும் கேட்டது. நாற்பத்தெட்டாவது போல்ட்டு விழுந்தபோது தட்டுவது நின்றது.

பெரிய கதவு. தண்ணீர் அவர்கள் முழங்கால் வரை கொட்டிப் போனது. பிறகு சின்ன மூடி. அதைத் திறந்ததும் பாக்கியராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். வாழைப்பழ வாடை. அதற்குக் கீழே வேறொன்று.

டார்ச் அடித்தார்கள். துளசிராமன் குனிந்து உட்கார்ந்து, வலது காதை இரும்போடு ஒட்டியிருந்தான். வெளியிலிருந்து ஏதோ கேட்பதற்காகக் காத்திருப்பவன் மாதிரி. வலது கை விரல் முட்டிகள் இல்லை. இருந்த இடம் மட்டும் இருந்தது. முகம் கறுத்து வீங்கியிருந்தது. பாக்கியராஜ் தொட்ட தோல் அவன் விரலோடு வந்தது.

கம்பெனி டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பசை நெடியில் தூங்கிப்போயிருப்பான், மூடிய பிறகுதான் விழித்திருப்பான், இருந்த காற்று பொங்கல் விடியும் வரைகூட வந்திருக்காது என்றார். இறந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது. சாராள் ரிஜிஸ்டரை விரித்து ஓரத்துப் பென்சில் கோடுகளைக் காட்டினாள். பொங்கல் பத்து மணியிலிருந்து இன்று காலை வரை நூற்றுப்பதினாலு. அவர் கோடுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரிஜிஸ்டரை மூடினார். பாக்கியராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மத்தியானம் யாரென்று சொல்லாத இரண்டு பேர் காரில் வந்தார்கள். நல்ல தமிழில் மெதுவாகப் பேசினார்கள். இது நாட்டு விஷயம், இங்கே இப்படி ஒரு உருளை இல்லை, ஆகவே அதற்குள் யாரும் சாகவும் இல்லை என்றார்கள். காகிதம் தயாராக இருந்தது. மாரடைப்பு. இறந்த இடம் என்பதற்கு எதிரில், வீட்டில்.

சாட்சிக் கையெழுத்துக்கு அவளிடம் நீட்டினார்கள். அவள் அந்தச் சொல்லை இரண்டு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்டாள். அவர்கள் போனதும் பலகைக்கு முன்னால் நின்றாள். ஒன்பதை எந்த வரிசையில் மாட்டுவது என்று தெரியவில்லை. கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த தன் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தாள். போகி காலை பூட்டியது. பூட்டு அப்படியே தொங்கியது. இடுப்பில் டோக்கன் இருந்த இடத்தில் புடவை நனைந்து தொடை வரை இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு பூவம்மாள் கோலத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். முகத்தில் கேலியும் கோபமும் இருந்தன.

"இன்னா சாராளு, ஊட்ல ஆள வச்சுப் பூட்டிக்கினு போய்ட்ட?" என்றாள். "பொங்கலன்னிலேர்ந்து ராவும் பகலும் தட்டிக்கினே கீறாரு. நான் கூப்டா பேச்சே இல்ல."

சாவி அவள் கையில் இருந்தது. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாகக் கசிந்து வாசல்படியில் இறங்கி, அவள் கால்விரலைத் தொட்டது. வாழைப்பழமும் ஸ்பிரிட்டும்.

உள்ளேயிருந்து தட்டியது. இரண்டு.

அவள் இடைவெளிக்காகக் காத்திருந்தாள். கை தானாக இடுப்புக்குப் போய் டோக்கனை எடுத்தது.

ஒன்று.